பரண் ஏறிய ரயில்கள்: யார் விற்றால் நல்ல விலை?

2024 ஜனவரி மாதம் பிரிட்டனின் மாடல் ரயில் பிரியர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு இடிகள் விழுந்தன. 1946-ல் லிவர்பூலில் தொடங்கி, பிற்காலத்தில் விட்னஸ் என்ற ஊருக்கு இடம் மாறியிருந்த ஹேட்டன்ஸ் கடை, வியாபாரத்தை மூடப்போவதாக அறிவித்தது. அதே மாதம், பர்மிங்காமின் என்.இ.சி. அரங்கில் ஆண்டுதோறும் நடந்துவந்த வார்லி தேசிய மாடல் ரயில் கண்காட்சி இனி அங்கே நடக்காது என்ற செய்தியும் வந்தது.

வாங்குகிறவர்களுக்கு இது வருத்தமான செய்தி. விற்க நினைப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய அடி. ஏனென்றால் ஹேட்டன்ஸ் புது ரயில்களை மட்டும் விற்ற கடை அல்ல. பழைய சேகரிப்புகளை மொத்தமாக விலைபேசி வாங்கிக்கொள்ளும் பெரிய கைகளில் அதுவும் ஒன்று. அப்பா இறந்துவிட்டார், பரண் நிறைய ரயில் இருக்கிறது, எது என்ன விலை பெறும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்ற நிலையில் பிள்ளைகள் கூப்பிட்டுக் கேட்கும் இடமாக அது இருந்தது. ஷெஃபீல்டில் உள்ள ரெயில்ஸ் போன்ற கடைகள் இன்றும் சேகரிப்புகளை வாங்குகின்றன. ஆனால் வாங்கும் கைகள் குறையும்போது பேரம் பேசும் பலமும் குறையும். அதனால் விற்பவர் முன்பைவிட விவரமானவராக இருக்க வேண்டிய காலம் இது.

நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஒரு மனிதர் தேடித்தேடிச் சேர்த்த பொருள், அவர் போன ஆறே மாதத்தில் அரை விலைக்கும் கால் விலைக்கும் கைமாறுகிறது. இது விதி அல்ல, தடுக்கக்கூடிய நஷ்டம். எப்படித் தடுப்பது என்பதைப் பார்ப்போம்.

வாங்குகிறவருக்கும் வயதாகிறது

பழைய பொம்மைகளின் விலையை ஏற்றுவது ஏக்கம்தான். பத்து வயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த இன்ஜினை, ஐம்பது வயதில் கையில் காசு சேர்ந்தபிறகு ஒருவர் வாங்குகிறார். அவரைப்போல ஆயிரம் பேர் ஒரே காலத்தில் தேடும்போது விலை ஏறுகிறது. அந்த ஆயிரம் பேருக்கும் எண்பது வயதாகும்போது அதே இன்ஜின்கள் ஒரே காலத்தில் விற்பனைக்கு வருகின்றன. அப்போது வாங்க வேண்டிய அடுத்த தலைமுறையின் ஏக்கம் வேறொரு பொருளின் மேல் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1955-ல் பத்து வயதாக இருந்த பையனுக்கு 2025-ல் எண்பது. ஹார்ன்பி டப்ளோ ரயில்கள் பிரிட்டிஷ் பையன்களின் கனவாக இருந்த காலம் அதுதான். அமெரிக்காவில் லயனல் ரயில்களின் பொற்காலமும் ஏறக்குறைய அதே ஆண்டுகள். இரண்டு நாடுகளிலும் சாதாரண ரகங்களின் விலை இறங்கியதற்கு முக்கியக் காரணம் இது. 'பொறுத்திருந்தால் விலை ஏறும்' என்ற நம்பிக்கை நிலத்துக்கும் தங்கத்துக்கும் பொருந்தலாம். லட்சக்கணக்கில் தயாராகி, எல்லா வீடுகளிலும் கிடந்த பொம்மைக்குப் பொருந்தாது. நல்ல நிலையில் உள்ள சாதாரண ரகத்தை விற்க எண்ணம் வந்துவிட்டால், தள்ளிப்போடுவதால் லாபமில்லை என்பதுதான் என் கருத்து.

அரிய ரகங்களின் கதை வேறு. அவற்றுக்கு எப்போதும் போட்டி உண்டு. ஆகவே முதல் வேலை, பரணில் இருப்பதில் எது சாதாரணம், எது அரிது என்று பிரிப்பது. அதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிய வேண்டும்.

பின்ஸ் ரோடு தொழிற்சாலை

லிவர்பூல்காரரான ஃபிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணி கொண்டு இணைத்து விளையாடும் பொம்மைக்கு 1901-ல் காப்புரிமை பெற்றார். பிற்பாடு மெக்கானோ என்று உலகப் புகழ் பெற்றது அதுதான். 1914-ல் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் எழுந்த தொழிற்சாலையிலிருந்து 1920-ல் சாவி கொடுத்து ஓட்டும் தகர ரயில்கள் வந்தன. இவை 'ஓ' கேஜ். இரு தண்டவாளங்களுக்கும் இடையே 32 மில்லிமீட்டர். கைக்கு அடக்கமான பொருளல்ல. ஓட்டுவதற்கு ஓர் அறை வேண்டும். 1937-ல் வந்த 'பிரின்சஸ் எலிசபெத்' இன்ஜின் 5 கினி விலை. அன்றைய ஒரு தொழிலாளியின் வாரக்கூலியைவிட அதிகம். பணக்கார வீட்டுப் பையன்கள் மட்டுமே வாங்கினார்கள் என்பதால் குறைவாகவே தயாரானது. நல்ல நிலையில் கிடைத்தால் இன்றும் மதிப்பு.

1938-ல் ஹார்ன்பி டப்ளோ வந்தது. அடிக்கு 4 மில்லிமீட்டர் அளவு, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். அதாவது 'ஓ' கேஜில் ஏறக்குறைய பாதி. சாப்பாட்டு மேஜைமேல் ஒரு ரயில்வேயையே அமைத்துவிடலாம். 'சர் நைஜல் கிரெஸ்லி'யும் ஒரு சிறிய டேங்க் இன்ஜினும் முதலில் வந்தவை. போர் வந்து உற்பத்தி நின்றது. போருக்குப் பின் மறுபடி தொடங்கி, 'டச்சஸ் ஆஃப் அத்தோல்' போன்றவை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. இன்று ஏலத்துக்கு வரும் டப்ளோக்களில் அந்த டச்சஸ்களும் கிரெஸ்லிகளும் கொத்துக்கொத்தாக இருக்கின்றன. அழகான, உறுதியான இன்ஜின்கள்தான். ஆனால் ஊரெல்லாம் இருக்கும் பொருளுக்கு ஊர் விலைதான் கிடைக்கும்.

விலை எங்கே இருக்கிறது என்றால், கம்பெனி தடுமாறிய ஆண்டுகளில் இருக்கிறது. டப்ளோ தொடக்கத்தில் மூன்று தண்டவாளத்தில் ஓடியது. நடுத் தண்டவாளம் மின்சாரத்துக்கு. போட்டியாளரான ட்ரை-ஆங் இரண்டு தண்டவாளத்தில் மலிவாக விற்றது. 1959-ல் பின்ஸ் ரோடும் இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. ஆனால் பழைய வாடிக்கையாளர்களைக் கைவிட மனமில்லாமல் மூன்று தண்டவாள இன்ஜின்களையும் சிறிது காலம் தொடர்ந்தது. யாரும் வாங்கவில்லை. 1964-ல் கம்பெனியே ட்ரை-ஆங்கின் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனது. அந்தக் கடைசிக் காலத்தில் வந்த மூன்று தண்டவாள 'டார்செஸ்டர்', 'சிட்டி ஆஃப் லிவர்பூல்', 'லட்லோ காஸில்' ஆகியவை அன்று கடை அலமாரியில் தேங்கிக் கிடந்தவை. இன்று சேகரிப்பாளர்கள் பெயர் சொல்லித் தேடுபவை. அவற்றின் இரண்டு தண்டவாள ஜோடிகளான 'பார்ன்ஸ்டபிள்', 'சிட்டி ஆஃப் லண்டன்', 'கார்டிஃப் காஸில்' முதலியவற்றுக்கு அந்த அளவு கிராக்கி இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெயர்ப்பலகையையும் அடிப்பாகத்தையும் பார்க்கத் தெரிந்தவருக்கே வித்தியாசம் புரியும்.

அமெரிக்காவிலும் இதே கதை. லயனல் 1957-ல் பெண் குழந்தைகளுக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ரயில் செட் போட்டது. பெண் குழந்தைகள் அதை விரும்பவில்லை. அவர்களுக்கும் அசல் ரயிலைப்போன்ற கறுப்பு இன்ஜினே பிடித்திருந்தது. விற்காமல் போன அந்தச் செட் இன்று அரிய பொருள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று சான்றிதழோடும் எண்ணோடும் விற்கப்பட்ட 1980-கள், 90-களின் மாடல்களைப் பலர் முதலீடாக வாங்கி, அட்டையைக்கூடப் பிரிக்காமல் வைத்தார்கள். வாங்கிய எல்லோரும் பத்திரமாக வைத்ததால் அத்தனையும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கின்றன. எங்கும் தட்டுப்பாடு இல்லை. இன்னொரு சிக்கல், அதே இன்ஜினைக் கம்பெனி இன்னும் நுணுக்கமாகப் புது அச்சில் வார்த்து வெளியிடும் நாளில் பழைய மாடலின் விலை சரிந்துவிடும். 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' 1968-ல் ட்ரை-ஆங் ஹார்ன்பியாக வந்ததிலிருந்து எத்தனையோ வடிவங்களில் வந்துவிட்டது. பெயர் பெரிது என்பதால் விலையும் பெரிது என்று நினைத்து ஏமாறும் குடும்பங்கள் அதிகம். ஹார்ன்பி அண்மை ஆண்டுகளில் 'ஹார்ன்பி டப்ளோ' என்ற பெயரையே மறுபடி எடுத்து, உலோக உடல் கொண்ட புது இன்ஜின்களை விற்கிறது. பழைய டப்ளோவையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

டப்ளோவின் அச்சுகளை வாங்கி 1990-களின் தொடக்கம்வரை இன்ஜின்கள் தயாரித்த ரென் நிறுவனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசி ஆண்டுகளில் சில ரகங்களை மிகக் குறைவாகப் போட்டார்கள். அதனால் ரென் என்ற பெயர் கண்ணில் பட்டால் அவசரப்படாமல் எண்ணைப் பார்த்து, விவரம் தெரிந்தவரிடம் கேட்ட பிறகே விலை பேசுங்கள். இந்த ரகங்களில்தான் போலிகளும் அதிகம். சாதாரண ரென் இன்ஜினுக்கு வேறு வண்ணம் பூசி, அரிய எண் ஒட்டி, அட்டைப்பெட்டியின் முனைச்சீட்டையும் அச்சடித்து விற்ற கைகள் உண்டு.

அட்டைப்பெட்டியின் விலை

சேகரிப்பு உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு நம்பக் கஷ்டமான ஒன்று: சில இன்ஜின்களுக்கு அது வந்த அட்டைப்பெட்டி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அதில் பாதி. அரிய ரகங்களில் வெறும் அட்டைப்பெட்டிக்கே ஏலத்தில் போட்டி நடப்பதுண்டு. இன்ஜினைப் பையன் பத்திரமாக வைத்துக்கொண்டான். பெட்டியை அம்மா அடுப்பெரிக்கப் போட்டுவிட்டார். ஆகவே பெட்டிதான் அரிது.

பரணைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய அட்டையும் காகிதமும்தான். அங்கேயே நூற்றுக்கணக்கான பவுண்டு போய்விடுகிறது. (ஒரு பவுண்டு இன்று நூறு ரூபாய்க்கு மேல்.) உள்ளே வைத்திருந்த நெளி அட்டை, சுற்றிய மெல்லிய தாள், எண்ணெய் போடும் விதம் சொல்லும் துண்டுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கடைக்காரரின் ரசீது எல்லாமே விலை சேர்ப்பவை. முனை கிழிந்த பெட்டியை செலோடேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள். கிழிந்த பெட்டிக்குக் கொஞ்சம்தான் குறைப்பார்கள். செலோடேப் ஒட்டிய பெட்டியை ஓரம் தள்ளிவிடுவார்கள். எந்த இன்ஜின் எந்தப் பெட்டிக்குரியது என்பதை மாற்றிவிடாமல் இருப்பதும் முக்கியம். பெட்டியில் எண் இருக்கும். இன்ஜினின் எண்ணோடு பொருத்திப் பார்த்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும்.

மறுபதிப்புப் பெட்டிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அதில் வைத்து விற்பது தவறில்லை, ஆனால் மறுபதிப்பு என்று எழுதிவிட வேண்டும். சொல்லாமல் விற்று ஒருமுறை பிடிபட்டால், மிச்சச் சேகரிப்பு முழுவதன்மேலும் சந்தேகம் விழும். இந்த வட்டாரம் சின்னது. பேச்சு சீக்கிரம் பரவும்.

துத்தநாகத்தைத் தின்னும் நோய்

பழைய வார்ப்பு உலோகங்களுக்கு ஒரு பயங்கர வியாதி உண்டு. பிரிட்டனில் 'மசாக்' என்பார்கள்: துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு சேர்ந்த கலவை. அதில் ஈயம் இம்மியளவு அதிகமாகக் கலந்துவிட்டால், ஆண்டுகள் போகப்போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்குகிறது. முதலில் மேற்பரப்பில் மயிரிழை விரிசல் தெரியும். பிறகு பாகம் வீங்கி வளையும். கடைசியில் தொட்டாலே உதிரும். மருந்து கிடையாது. போருக்கு முந்தைய ஹார்ன்பிச் சக்கரங்களிலும் வார்ப்புகளிலும் இது சகஜம். பழசுக்கு மட்டும் வருவது என்றும் நினைக்க வேண்டாம். 2000-களில் சீனாவில் வார்க்கப்பட்ட சில டீசல் இன்ஜின்களின் அடிச்சட்டமும் இப்படி உதிர்ந்திருக்கிறது. பல ஆண்டுகளாகப் பிரிக்காத பெட்டியைத் 'திறக்காதது' என்று பெருமையாக விற்று, வாங்கியவர் திறந்து பார்த்தால் உள்ளே பொடி. பணத்தைத் திருப்பித்தர வேண்டிய நிலை வரும். ஆகவே விற்கும் முன் கவனமாகத் திறந்து பார்ப்பதே நல்லது.

பார்ப்பது என்றால் பார்ப்பது மட்டும்தான். தண்ணீரில் கழுவுவது, பித்தளைபோல மெருகு போடுவது, உரிந்த இடத்தில் வண்ணம் தொடுவது ஆகிய மூன்றும் விலையைக் கெடுக்கும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஐம்பதுகளின் டிரான்ஸ்ஃபார்மரைச் சுவர் பிளக்கில் செருகிச் சோதித்துப் பார்க்கவே கூடாது. உள்ளே கம்பிகளின் ரப்பர் உறை எப்போதோ உதிர்ந்திருக்கும், உயிருக்கே ஆபத்து. இன்ஜின் ஓடுகிறதா என்று அறிய இன்றைய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கலாம். அது ஓடும் அரைநிமிட வீடியோ எடுத்துவைத்தால் விற்கும்போது கைகொடுக்கும். டிஜிட்டல் சிப் பொருத்திய புதிய இன்ஜின்களை விற்கும் முன் அவற்றின் முகவரியைத் தொழிற்சாலை எண்ணான 3-க்கு மாற்றிவைப்பது நல்ல பழக்கம். சிப்புக்குக் கொடுத்த காசு முழுதாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நான்கு வழிகளும் ஒரு கணக்கும்

மிக வேகமான வழி, கடைக்காரரிடம் மொத்தமாகக் கொடுப்பது. வேன் வரும், பணம் வரும், பரண் காலியாகும். கடைக்காரர் தன் விற்பனை விலையில் பாதியோ அதற்கும் கீழோ தருவார். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அவர் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும், மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்க வேண்டும், வரியும் கட்ட வேண்டும். ஆனால் ஒருவர் சொன்ன விலையோடு நின்றுவிடாமல் குறைந்தது மூன்று பேரிடம் கேட்க வேண்டும். நல்ல இன்ஜின்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுப்போக இடம் தரவே கூடாது. அதன்பின் மிஞ்சும் வேகன் குவியலைப் பார்க்கக்கூட யாரும் வரமாட்டார்கள்.

இரண்டாவது, பொம்மைகளுக்கென்றே ஏலம் நடத்தும் நிலையங்கள். வடகிழக்கு இங்கிலாந்தின் தோர்னபியில் வெக்டிஸ், நியூபரியில் ஸ்பெஷல் ஆக்ஷன் சர்வீசஸ் ஆகியவை சேகரிப்பாளர்கள் அறிந்த பெயர்கள். மேஜை நாற்காலியோடு சேர்த்து ரயிலையும் விற்கும் உள்ளூர் ஏலக்கடைக்குக் கொண்டுபோனால் 'பெட்டி நிறைய ரயில்' என்று ஒரே லாட்டாகப் போட்டுவிடுவார்கள். சிறப்பு ஏலத்தில் உலகின் பல மூலைகளிலிருந்தும் இணையம் வழியாக ஏலம் கேட்பார்கள். அரிய பொருளுக்கு உரிய இடம் அதுதான். இரண்டு பேர் பிடிவாதமாக நின்றால் போதும், எதிர்பாராத விலை விழும்.

ஆனால் கணக்கைப் புரிந்துகொண்டு போக வேண்டும். ஒரு இன்ஜின் 1,000 பவுண்டுக்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவரிடம் 15 சதவீதக் கமிஷன், அதன்மேல் 20 சதவீத வாட் வரி என்றால் 180 போய்க் கைக்கு வருவது 820. வாங்குபவரிடம் 25 சதவீதக் கட்டணமும் அதன்மேல் வாட்டும் வாங்கினால் அவர் கொடுப்பது 1,300. நிலையத்துக்கு நிலையம் சதவீதம் மாறும். இன்ஷூரன்ஸ், படம் எடுக்கும் கூலி என்று தனித்தனியாகவும் கழிப்பார்கள். ஆனாலும் ஒன்று விளங்குகிறது. அந்த இன்ஜினுக்கு 1,300 கொடுக்கத் தயாரான ஒருவர் உலகில் இருக்கிறார். அதை வைத்திருந்தவருக்குக் கிடைத்தது 820. இடையிலுள்ள 480-க்காகத்தான் மற்ற வழிகளையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏலத்துக்கே கொடுப்பதானாலும் கமிஷன் பேசிக் குறைக்கக் கூடியது. பெரிய சேகரிப்பு என்றால் கேட்டுப் பாருங்கள். எதை எதோடு சேர்த்து லாட் போடுகிறார்கள் என்பதை அட்டவணை அச்சாகும் முன் பார்க்க வேண்டும். பத்துச் சாதாரண வேகன்களோடு ஓர் அரிய வேகன் கலந்துவிட்டால், அதைக் கண்டுகொண்ட ஒரே ஒருவருக்கு அன்று அதிர்ஷ்ட நாள்.

மூன்றாவது, நாமே ஈபேயில் விற்பது. 2024 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் தனிநபர் விற்பனைக்கு ஈபே விற்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அடுத்த ஆண்டு அந்தச் சுமையை வாங்குபவர் பக்கம் திருப்பினார்கள். இங்கே விலை வைக்கும் முன் 'விற்றுமுடிந்தவை' பட்டியலை மட்டும் பாருங்கள். ஆசைக்கு ஒருவர் 900 பவுண்டு என்று எழுதிவைத்து ஆண்டுக்கணக்கில் விற்காமல் நிற்கும் விளம்பரம் விலை ஆகாது. பக்கவாட்டில் ஒன்று, முன்பின் ஒன்று, அடிப்பாகம் ஒன்று, பெட்டியின் முனைச்சீட்டு ஒன்று, குறையுள்ள இடத்தை அருகில் ஒன்று எனப் படங்கள் இருக்க வேண்டும். குறையை மறைக்காமல் காட்டியவரின் பொருளுக்குத்தான் நம்பி ஏலம் கேட்கிறார்கள்.

பார்சல் கட்டுவது தனிக் கலை. உலோக இன்ஜின் கனமானது. பெட்டிக்குள் ஆடினால் முன்பக்கத் தாங்கிகளும் இணைப்புக் கொக்கியும் உடைந்துவிடும். இன்ஜினை மெல்லிய தாளில் சுற்றி அசையாமல் செய்து, அதன் சொந்தப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் மெத்தென்று வைக்க வேண்டும். அஞ்சல் முத்திரையோ ஒட்டுத்தாளோ பழைய பெட்டியைத் தொடவே கூடாது. நூறு இன்ஜினுக்கு இதைச் செய்யப் பொறுமையும் உடல்தெம்பும் வேண்டும். எண்பது வயதில் இது லேசான வேலையல்ல.

நான்காவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: சங்கங்கள். ஹார்ன்பி ரயில்வே சேகரிப்பாளர் சங்கம் 1969-லிருந்து இயங்குகிறது. 'ஓ' கேஜ்காரர்களின் கில்டு 1956-லிருந்து. இங்கே பொருளின் அருமை தெரிந்தவரிடமிருந்து பொருளின் அருமை தெரிந்தவருக்கே நேராகப் போகிறது. இடைத்தரகு இல்லை. பித்தளைத் தகட்டைக் கையால் வெட்டி, பற்றவைத்து உருவாக்கிய 'ஓ' கேஜ் இன்ஜின்களுக்கு இதுதான் சரியான இடம். அவற்றின் விலை கம்பெனி பெயரில் இல்லை, செய்த கை யாருடையது என்பதில் இருக்கிறது. அதை அறிந்தவர்கள் சங்கத்தில்தான் இருப்பார்கள்.

என் பரிந்துரை, சேகரிப்பை மூன்றாகப் பிரிப்பது. தலைசிறந்த பத்துப் பதினைந்தைச் சிறப்பு ஏலத்துக்கு, இடைத்தர இன்ஜின்களைத் தனித்தனியாக ஈபேக்கோ சங்கத்துக்கோ, மிச்சமுள்ள தண்டவாளம், வேகன், கட்டடங்களை மொத்தமாக ஒரு கடைக்கு. மூன்றையும் வரிசையாகச் செய்து முடிக்க ஓர் ஆண்டு ஆகலாம். அந்த ஓர் ஆண்டுக்கான கூலி, மொத்தமாகக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசம் தனக்கு வேண்டுமா, நிம்மதி வேண்டுமா என்று ஒவ்வொருவரும் தன் வயதையும் உடம்பையும் பார்த்து முடிவுசெய்யலாம்.

வரி பற்றிச் சுருக்கமாக: சொந்தப் பொருளை விற்பது வியாபாரம் அல்ல. ஒரு பொருள் 6,000 பவுண்டுக்கு மிகாமல் விற்றால் பிரிட்டனில் மூலதன ஆதாய வரி கிடையாது. ஒரு செட்டாகச் சேர்ந்தவற்றை ஒரே ஆளுக்குப் பிரித்துப் பிரித்து விற்றால் மட்டும் ஒன்றாகவே கணக்கிடுவார்கள். 2024 தொடக்கத்திலிருந்து, ஆண்டுக்கு 30 விற்பனையை எட்டியவர்கள் அல்லது சுமார் 1,700 பவுண்டைத் தாண்டியவர்களின் விவரத்தை இணையச் சந்தைகள் வரித்துறைக்கு அனுப்புகின்றன. விவரம் போவதாலேயே வரி வந்துவிடாது. எது எப்போது வாங்கியது என்ற குறிப்பு கையில் இருந்தால் கவலையில்லை.

பிரபலங்களின் சேகரிப்பு ஏலத்துக்கு வரும்போது செய்தித்தாளில் பெரிதாக வருகிறது. பாடகர் நீல் யங் தன் லயனல் ரயில்களை 2017-ல் ஏலம் விட்டார். பாப் இசைத் தயாரிப்பாளர் பீட் வாட்டர்மேன், நிஜ நீராவி இன்ஜின்களைப் பேணும் தன் அறக்கட்டளைக்குப் பணம் திரட்டத் தன் மாடல்களில் ஒரு பகுதியை விற்றார். அந்த விலைகளில் அவர்களின் பெயருக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் படித்துவிட்டு நம் வீட்டு இன்ஜினுக்கு விலை போடக் கூடாது.

விலைபோகாத உழைப்பு

மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று. இந்தப் பொழுதுபோக்கில் மனிதர்கள் அதிக உழைப்பைக் கொட்டுவது இன்ஜினில் அல்ல, அது ஓடும் நிலத்தில். பலகை அடித்து, மலை செய்து, ஒவ்வொரு செங்கல்லையும் வரைந்து, ஸ்டேஷன் மாஸ்டரின் தோட்டத்தில் ரோஜாச் செடிவரை வைத்து இருபது ஆண்டு உருவாக்கிய காட்சிப்பரப்புக்குச் சந்தையில் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. அது அந்த அறையின் அளவுக்குச் செய்தது. வாசல் வழியே வெளியே வராது. வாங்குபவருக்குத் தன் சொந்த ஊரைக் கட்டத்தான் ஆசை. பெரும்பாலும் ரம்பத்தால் அறுத்து, தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு மீதியைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள்.

மிகச் சில தப்பியிருக்கின்றன. ஜான் ஆர்ன் கற்பனையாகப் படைத்த மேடர் பள்ளத்தாக்கு ரயில்வே, அவர் இறந்தபின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் பெண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய் இன்றும் பேணப்படுகிறது. எல்லோருக்கும் அது வாய்க்காது. ஆனால் உள்ளூர் மாடல் ரயில் கிளப்களும் சில பள்ளிகளும், கழற்றிப் பூட்டும்படி பிரிவுகளாகச் செய்த பரப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு மீட்டர் துண்டுகளாகவே கட்டுங்கள் என்று சொல்வேன். இதில் பணம் வராது, உழைப்பு பிழைக்கும். கட்டடங்களைப் பரப்பிலிருந்து பெயர்த்து எடுக்கும்படி வைத்திருந்தால் அவற்றுக்கு மட்டும் தனியாக ஓரளவு விலை கிடைக்கும்.

மனைவிக்குத் தெரியாத விலை

சேகரிப்பாளர்கள் பலர் தாங்கள் கொடுத்த விலையை வீட்டில் சொல்வதில்லை. 400 பவுண்டு இன்ஜினை 40 என்று சொல்லி உள்ளே கொண்டுவருகிறார்கள். அன்றைக்குச் சண்டை தவிர்ந்தது. ஆனால் அந்தப் பொய் அவர் இறந்தபின்னும் உயிரோடு இருக்கிறது. அவர் மனைவி அதை 40 என்றே நம்புகிறார். வாசலுக்கு வந்த ஒருவர் 50 தருகிறேன் என்றதும் நல்ல மனிதர் என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பெண்மணியின்மேல் எந்தத் தவறும் இல்லை. உண்மை விலையைத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியே வைக்கப்படவில்லை.

நல்ல விலைக்கு விற்க மிகத் தகுந்த ஆள், சேகரித்தவர்தான். 'டார்செஸ்டர்' எது, 'பார்ன்ஸ்டபிள்' எது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவரே. அந்த அறிவு பெட்டியில் எழுதியில்லை. அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் போனால் அதுவும் போகும். அதன்பின் எல்லாமே 'அப்பாவின் ரயில்கள்' என்ற ஒரே குவியல். ஆகவே கண்ணும் கையும் நன்றாக இருக்கும்போதே, எழுபதிலேயே, ஓடாமல் நிற்பவற்றை விற்கத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் விற்க வேண்டியதில்லை. ஓட்டி மகிழும் ஐந்தாறு இன்ஜின்கள் போக, வருடக்கணக்கில் பெட்டியைவிட்டு வெளியே வராதவற்றைச் சொல்கிறேன். வாங்க வருகிறவரோடு உட்கார்ந்து அந்த இன்ஜினின் கதையைச் சொல்லிக் கைமாற்றும் சந்தோஷமும் உயிரோடு இருக்கும்போது விற்பவருக்குத்தான் கிடைக்கும்.

விற்க மனமில்லாதவர் ஒரு நோட்டுப் போட வேண்டும். தயாரித்தவர், எண், பெயர், இரண்டு தண்டவாளமா மூன்றா, வாங்கிய ஆண்டு, உண்மையாகக் கொடுத்த விலை, இன்று சுமாராகப் போகும் விலை, பெட்டி இருக்கிறதா, பழுது உண்டா, வண்ணம் தொட்டதா, எந்த அலமாரியில் இருக்கிறது. மிக உயர்ந்த பத்தின் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறி. அவற்றைக் கடைக்காரரிடம் மொத்தத்தோடு சேர்த்துத் தரக் கூடாது என்று ஒரு வரி. நம்பிக்கையான நண்பர் ஒருவரின் பெயர். அவரே வாங்க ஆசைப்படுபவராக இருக்கக் கூடாது. இறந்த உறுப்பினர்களின் சேகரிப்பை விற்றுத்தர 'ஓ' கேஜ் கில்டு போன்ற சங்கங்களில் ஏற்பாடு உண்டு. அது இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போய்விடுகிறது. சங்கத்தின் தொலைபேசி எண்ணும் உறுப்பினர் எண்ணும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். காலி அட்டைப்பெட்டிகள் எங்கே இருக்கின்றன, அவற்றை ஏன் எறியக் கூடாது என்பது இரண்டாம் பக்கத்தில். உயில் வைத்திருக்கும் வழக்கறிஞரிடம் ஒரு பிரதி.